சம்பந்தி பொறுக்கிய முடி

இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தலைமயிரை எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்று ஒரு மண்ணும் தெரியாது. குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று சீவுகிறார்கள். காருக்குள் இருந்து சீவுகிறார்கள். விரித்துப் போட்டபடியே சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து குந்துகிறார்கள். சீப்பில் வந்ததை இழுத்து, பார்க்காமலே நிலத்தில் விட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். முந்திய பெண்கள் என்றால் சீப்பில் வந்ததை விரலில் சுற்றி உருண்டையாக்கி, மூன்று தரம் துப்பி, ஒருவர் கையிலும் அகப்படாத இடம் பார்த்துப் போடுவார்கள். முடி ஒருவன் கையில் அகப்பட்டால் ஆளே அகப்பட்ட மாதிரி என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது அதைச் சொல்லப் போனால் கிழவனுக்கு விசர் என்கிறார்கள்.

ஆகவே வல்லிபுரம் ஒருவரிடமும் சொல்லாமல், பேத்தியின் வீட்டில் நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார். முடி கண்டால் குனிந்து எடுத்தார். எடுத்ததைக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிட்டார்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஊரில் லொறிக் கிளீனர். ரொறன்ரோவுக்கு வந்து இருபது வருடம் ஒரு இத்தாலிக்காரனின் கடையில் கோப்பை கழுவினார். இரண்டு வேலையிலும் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: சிரித்துக்கொண்டு வருகிறவனின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்.

பேத்தி நிலக்சிக்குப் பனிக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பெற்றுப் பார்க்க வல்லிபுரத்தின் மகள் குணவதி, நிலக்சி இருக்கிற அஜக்சுக்குப் புறப்பட்டாள். தகப்பனை ஸ்காபரோவில் அப்பாட்மென்ற்றில் தனியே விட்டால் அடுப்பை நிற்பாட்ட மறந்துவிடுவார் என்று அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்து மூன்று மாதமாகிறது.

வீடு நிலக்சியின் கணவன் ஹர்ஜோத்துடையது. ஹர்ஜோத் சீக்கியன். தலைப்பாகையும் தாடியுமாகக் காலையில் ரயில் பிடித்து நகரத்துக்கு வேலைக்குப் போய், பின்னேரம் வந்து குழந்தைக்குப் பம்பர்ஸ் மாற்றுகிறவன். நல்ல பெடியன் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னதாலேயே வல்லிபுரம் அதை நம்பவில்லை. பெடியனைக் கூட விட்டுவிடலாம். கீழ் அறையில் இருக்கிற அவனுடைய தகப்பன் பல்தேவ் சிங்தான் அவருக்குத் தொண்டையில் மாட்டிய முள். பல்தேவ் சிங் முப்பது வருடம் டாக்சி ஓட்டி ஓய்ந்தவர். பெண்சாதி இறந்து சில வருடம். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம்.

வந்த புதிதில் ஒரு காலையில் வல்லிபுரம் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினார். கீழ் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் ஒரு உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளைவெளேரென்ற கூந்தலை இடுப்புவரை விரித்துப்போட்டு, மரச்சீப்பால் வாரிக்கொண்டிருந்தது. உருவம் திரும்பியது. தாடி.

"குட் மோர்னிங், பாய் சாப்!" என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார் பல்தேவ் சிங்.

வல்லிபுரம் தண்ணீர் குடிக்காமலே மேலே ஏறிவிட்டார்.

சித்திரை பிறந்த கையோடு நிலக்சிக்கு முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில், குழந்தையின் சட்டையில், சோபாவின் முதுகில், எங்கும் முடி. பிள்ளை பெற்றால் மூன்றாம் நாலாம் மாதத்தில் இப்படித்தான், தானாக நிற்கும் என்று டாக்டர் சொன்னாராம். வல்லிபுரம் டாக்டர்மாரையும் கண்டவர். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பத்தொன்பது வயதில் அவளுக்கும் தலையணை நிறைய முடி கொட்டியது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அவள் இல்லை. ஆஸ்பத்திரியில் நெருப்புக்காய்ச்சல் என்று எழுதினார்கள். ஆனால் செத்தவீட்டுக்குப் பந்தல் போட ஏறியபோது, கூரையின் ஓலைக் கிடுகுக்குள் செருகியிருந்த முடி முடிச்சை வல்லிபுரம் தன் கையால் இழுத்து எடுத்தார். அதை எந்த டாக்டரும் பார்க்கவில்லை.

நிலக்சி முகத்தில் இரத்தமில்லாமல், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்தத் தலையணைதான் தெரிந்தது.

பிறகுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். நிலத்தில் முடி இல்லை.

நிலக்சிக்கு முடி கொட்டுவது நிற்கவில்லை. அது தலையைப் பார்த்தாலே தெரிகிறது, வகிடு அகன்றுகொண்டு போகிறது. ஆனால் சோபாவில் முடி இல்லை. குளிக்கிற இடத்தில் இல்லை. சீப்பிலும் இல்லை. அப்படியென்றால் இந்த வீட்டில் அவருக்கு முந்தி யாரோ பொறுக்குகிறார்கள்.

அவர் காவல் இருந்தார். வரவேற்பறைக் கதிரையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி, ஒரு கண்ணை மேலே வைத்திருந்தார். காலைச் சாப்பாடு முடிந்து நிலக்சி சோபாவை விட்டு எழும்பிப் போனாள். பல்தேவ் சிங் குழந்தையின் கிலுகிலுப்பையை எடுக்கிற மாதிரிக் குனிந்தார். சோபாவின் முதுகில் இருந்த நீண்ட கறுப்பு முடியை இரண்டு விரலால் மெல்ல உரித்து எடுத்தார். இன்னொன்று. இன்னொன்று. சுட்டுவிரலில் சுற்றினார். சுற்றியதைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்து, மேலே ஒருதரம் தட்டிக்கொண்டார்.

பல்தேவ் சிங் கீழே இறங்கும்வரை பொறுத்திருந்து, வல்லிபுரம் குசினி வாசலுக்குப் போனார்.

"குணவதி, இஞ்சை வா."

"அடுப்பிலை நிலக்சிக்குக் குடுக்கிற சரக்குத்தண்ணி கொதிக்குது ஐயா. சொல்லுங்கோ, காது கேக்கும்."

"உந்தச் சிங் நிலக்சியின்ரை தலைமயிரைப் பொறுக்கிறான்."

"பொறுக்கட்டுமே. எனக்குக் கூட்டுற வேலை மிச்சம்."

"பொறுக்கிக் குப்பையிலை போட்டால் துப்புரவு. பொறுக்கிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சால் அதுக்கு என்ன பேர்?"

குணவதி அகப்பையோடு திரும்பினாள். "ஐயா, திரும்பவும் தொடங்காதேங்கோ. இது கனடா. இஞ்சை ஆர் செய்வினை செய்யினம்?"

"செய்யாட்டி உந்தத் தமிழ்ப் பேப்பர் முழுக்க ஏன் சாத்திரிமார் படத்தோடை விளம்பரம் போடுறாங்கள்? செய்வினை எடுக்கிறமெண்டு கிடக்கு. வைக்கிறவன் இல்லாமல் எடுக்கிறவன் என்னத்தை எடுக்கிறான்?"

"அந்தாள் கேட்டால் என்ன நினைக்கும்? சம்பந்தி வீட்டிலை இருந்து சாப்பிட்டுக்கொண்டு உப்பிடிக் கதையாதேங்கோ" என்றாள், குரலைத் தணித்து.

"சாப்பிடுறது என்ரை மகள் சமைச்சது."

"அரிசி அவையின்ரை."

வல்லிபுரம் அதோடு வாயை மூடினார். கண்ணை மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக மேசையில் இருந்தார்கள். குணவதி இடியப்பம் அவித்திருந்தாள். பல்தேவ் சிங் பருப்புச் செய்திருந்தார். இடியப்பத்துக்கு அந்தப் பருப்பை விட்டு அவர் சப்புக்கொட்டிச் சாப்பிடுவதை வல்லிபுரம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"குளிர் போயிட்டுது. இனியாவது பிள்ளைக்குத் தலையை வழிக்கிற அலுவலைப் பாக்க வேணும். முப்பத்தோராம் நாளிலை செய்திருக்க வேண்டியது. பனி பனியெண்டு தட்டிக் கழிச்சியள். பிறந்த மயிரோடை எவ்வளவு நாளைக்கு வைச்சிருக்கிறது? அது துடக்கெல்லே, தீட்டு."

நிலக்சி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "அம்மப்பா, நாங்க டிசைட் பண்ணிட்டம். வெட்டுறேல்லை."

"எப்ப வெட்டுறேல்லை?"

"எப்பவுமே வெட்டுறேல்லை."

"ஆர் நாங்க?"

"நானும் ஹர்ஜோத்தும்."

"உன்ரை வாயாலை சொல்லுறியோ, ஆரும் சொல்லித்தந்து சொல்லுறியோ?" என்று கேட்டபடி அவர் மேசையின் மற்றப் பக்கத்தைப் பார்த்தார்.

தன்னைப் பற்றித்தான் கதை என்று பல்தேவ் சிங்குக்கு விளங்கிவிட்டது. மகனிடம் கேட்டார். ஹர்ஜோத் நிலக்சியிடம் கேட்டுப் பஞ்சாபியில் சொன்னான். பல்தேவ் சிங் கையைத் துடைத்துவிட்டு, அவசரமில்லாமல் ஏதோ சொன்னார். ஹர்ஜோத் அதை இங்கிலீசில் சொல்ல, நிலக்சி தமிழாக்கினாள்.

"மாமா சொல்லுறார், பிள்ளை வரேக்கை தலைமயிரோடைதான் வந்தது. கடவுள் குடுத்துவிட்டது. அனுப்பினவர் சரியாத்தான் அனுப்பியிருப்பார். நாங்கள் கத்தரிக்கோலை எடுத்தால், நீங்கள் பிழை விட்டிட்டியள், நாங்கள் திருத்திறம் எண்டு அவருக்கே சொல்லுற மாதிரியாம்."

"அப்ப நகம்?" என்றார் வல்லிபுரம்.

"என்ன?"

"நகத்தையும் அவர்தானே அனுப்பினவர். அதை வெட்டுறியள்தானே? கேள்."

நிலக்சி இங்கிலீசில் சொன்னதும் ஹர்ஜோத் சிரித்துவிட்டான். பல்தேவ் சிங் சிரிக்கவில்லை. தன் கையை விரித்து நகங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார். நிலக்சி கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"நல்ல கேள்வியாம். சின்னனிலை தானும் தகப்பனிட்டைக் கேட்டு அடி வாங்கினவராம். அவையின்ரை குரு கேட்டது தலைமயிரை. நகத்தைக் கேக்கேல்லை. கேட்டதைத் தான் குடுக்கிறாராம். கேக்காததுக்குத் தன்னட்டை விளக்கம் இல்லையாம். பேந்து இன்னொண்டு, தலைமயிரும் தலைப்பாகையும் இருந்தால் சனத்துக்குள்ளை ஒளிச்சு நிக்க ஏலாதாம். ஒருக்கா டாக்சியிலை ஏறின ஒருத்தன் தலைப்பாகையைத் தட்டி விழுத்திப்போட்டுக் காசும் குடுக்காமல் ஓடினவன். அடுத்த நாளும் அதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனவராம்."

"நகத்தைக் கேக்காமல் விட்டது வசதியாப் போச்சு" என்றார் வல்லிபுரம்.

நிலக்சி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. "அம்மப்பா, நீங்க முருகனுக்கு மொட்டை அடிச்சனீங்கள்தானே? நீங்க சாமிக்குக் குடுக்கிறியள். அவை சாமி தந்ததெண்டு வைச்சிருக்கினம். சேம் திங்."

"குடுக்கிறதும் வைச்சிருக்கிறதும் எப்பிடியடி ஒண்டாகும்? வட்டிக்கடைக்காரனிட்டைப் போய்ச் சொல்லிப் பார்."

குணவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேசை முழுக்கச் சிரித்தது. எதற்கென்று விளங்காமல் பல்தேவ் சிங்கும் சேர்ந்து சிரித்தார். வல்லிபுரம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தலைக்குள் இரண்டு துண்டும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தலையில் இருப்பதை வெட்டவும் விடமாட்டான். விழுந்ததைக் குப்பையில் போடவும் விடமாட்டான். இந்த மனுசனுக்கு முடி தேவை. இதற்கு மேலே குருவைச் சொன்னாலென்ன, கடவுளைச் சொன்னாலென்ன.

செவ்வாய்க்கிழமை பல்தேவ் சிங் காரை எடுத்துக்கொண்டு குருத்துவாராவுக்குக் கும்பிடப் போனார். நிலக்சி நித்திரை. குணவதி மேலே குழந்தையைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். வல்லிபுரம் கீழ் அறைக்குள் போனார்.

அறை துப்புரவாக இருந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவனின் அறை இவ்வளவு துப்புரவாக இராது. சுருக்கமில்லாமல் விரித்த கட்டில். மடித்து வைத்த தலைப்பாகைத் துணிகள். அந்த மரச்சீப்பு. சுவரில் பெண்சாதியின் படம், தலையில் முக்காடு, பல்தேவ் சிங்கைப் போலவே சிரிப்பு. படத்துக்குக் கீழே சின்னப் பலகைத் தட்டு. தட்டில் பட்டுத்துணியில் சுற்றிய பிரார்த்தனைப் புத்தகம். அதற்குப் பக்கத்தில் கயிறு இழுத்துக் கட்டிய நீலத் துணிப்பை.

அவர் கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளே சின்னச் சின்ன முடி உருண்டைகள். வெள்ளை உருண்டைகள் பல்தேவ் சிங்கினுடையவை. அவற்றுக்குள்ளே கறுப்பு உருண்டைகள். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனியில் செம்பட்டை. கலியாணத்துக்கு நிலக்சி அடித்த சாயம். அடியில் மூக்குத் துடைக்கிற ரிசுப் பேப்பர் ஒன்று, மடித்தபடி. பிரித்தார். சிலந்தி நூலைப் போல மெல்லிய, பிடித்தால் பிடிபடாத முடி. படுத்துப் படுத்துக் குழந்தையின் பின்தலையில் உதிர்வது.

தாயும் பிள்ளையும். இரண்டும் ஒரே பைக்குள்.

குணவதியைக் கூப்பிட வாய் எடுத்தார். கூப்பிட்டால் என்ன நடக்கும்? வைத்த இடத்தில் வையுங்கோ ஐயா என்பாள். வேண்டாம். பையைச் சுவெற்றருக்குள் செருகிக்கொண்டார்.

எரிக்கப் பயமாக இருந்தது. பையோடு சேர்ந்து பிள்ளைக்கும் சுட்டுவிட்டால்? இப்படியானதைக் கடலில்தான் விட வேண்டும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அஜக்சில் கடல் ஏது? தெற்கே ஏரி இருக்கிறது. மறுகரை தெரியாத ஏரி, கடல் மாதிரித்தான். ஆனால் உப்பில்லை. வல்லிபுரம் கொஞ்சம் யோசித்தார். குசினிக்குப் போய் உப்புப் பைக்கற்றை எடுத்தார்.

"ஐயா, எங்கை போறியள்?" மேலே இருந்து குணவதி கேட்டாள்.

"ஏரிப்பக்கம். காத்து வாங்க."

"உதென்ன கையிலை?"

"உப்பு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பொய் சொல்ல அவருக்கு நேரமிருக்கவில்லை.

பஸ் எடுத்து ஏரிக்கரையில் இறங்கினார். வெயில் அடித்தது, ஆனால் தண்ணீரிலிருந்து வந்த காற்று சட்டையைக் கிழிக்கிற காற்று. நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரி குட் ஆஃப்டர்நூன் என்றாள். வல்லிபுரம் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் போகும்வரை நின்றார். பிறகு கற்களில் கால் வைத்து வைத்துத் தண்ணீருக்குக் கிட்டே போனார். முதலில் உப்பை ஒரு கை அள்ளி வீசினார். காற்று அதைத் திருப்பி அவர் கண்ணிலேயே அடித்தது. எரிந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு, "முருகா, உவங்கள் என்ரை பிள்ளைக்கு வைச்சதெல்லாம் இதோடை போகட்டும்" என்று பைக்குள் கையை விட்டு எறிந்தார்.

வெள்ளை உருண்டைகள் தண்ணீரில் விழுந்து ஆடின. கறுப்பு முடி உருண்டையாக நிற்காமல் அவிழ்ந்து, பறந்து, திரும்பி வந்து அவர் சுவெற்றரில் ஒட்டியது. தட்டினார். கையில் ஒட்டியது. கையை உதறினார். தாடையில் ஒட்டியது.

பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பல்தேவ் சிங் கற்களின் மேல் மெல்ல மெல்ல இறங்கி வந்தார். வல்லிபுரம் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கிட்ட வராதை."

பல்தேவ் சிங் நின்றார். ஒருவருடைய இங்கிலீசு டாக்சி ஓட்டிப் பழகியது, மற்றவருடையது கோப்பை கழுவிப் பழகியது. சண்டை பிடிக்க அது போதும்.

"உங்கள் மகள் சொன்னாள்" என்றார் பல்தேவ் சிங். "உப்போடு ஏரிக்குப் போனார் என்று. அறையில் பார்த்தேன், பை இல்லை. ஏனென்று கேட்டேன். அழுதுகொண்டு சொன்னாள்."

"அவள் விசரி. எல்லாத்துக்கும் அழுவாள். நீ சொல்லு. என்ரை பேத்தியின்ரை தலைமயிர் உனக்கு ஏன்?"

"எங்கள் ஊரிலும் அந்தப் பயம் இருக்கிறது. என் அம்மாவுக்கும் இருந்தது."

"அதைக் கேக்கேல்லை. ஏன்?"

பல்தேவ் சிங் ஒரு பெரிய கல்லாகப் பார்த்து அதில் குந்தினார். தாடியைத் தடவி யோசித்தார். அதுவும் வல்லிபுரத்துக்குப் பிடிக்கவில்லை. உண்மை சொல்கிறவனுக்கு யோசனை எதற்கு?

"என் மனைவிக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றினார்கள். பிறந்ததிலிருந்து கத்தரிக்கோல் படாத முடி, கை கையாக வந்தது. தாதி நல்லவள், பிழை சொல்லக்கூடாது. குப்பை வாளியைக் கட்டிலுக்குக் கிட்டே இழுத்துவந்து எல்லாவற்றையும் அதற்குள் போட்டாள். உள்ளே ஊசி, இரத்தத் துணி, சாப்பிட்ட கோப்பை. என் மனைவி வலிக்கு அழாதவள். அன்றைக்கு அழுதாள். குரு தந்ததை இப்படித் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டாள். நான் வாளிக்குள் கையை விட்டு எடுத்தேன். அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வொன்றையும் எடுத்தேன். அவள் போனபோது அவளோடு சேர்த்து எரித்தேன். முழுதாகப் போனாள்."

தண்ணீர் கற்களில் மோதிக்கொண்டிருந்தது. வல்லிபுரம் சுவரில் இருந்த படத்தை நினைத்தார். முக்காடு போட்ட அந்தச் சிரிப்பு. செத்த பெண்சாதியைச் சாட்சிக்குக் கூட்டிவருகிறான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"அது உன்ரை மனிசி. நிலக்சி என்ரை பிள்ளை. அவளென்ன, சீக்கியமே?"

"இல்லை. ஆனால் பம்பர்ஸ் குப்பைக்குள் அவள் முடி கிடந்ததைப் பார்த்தேன். எனக்கு அந்த வாளி ஞாபகம் வந்தது. அவளிடம் கேட்டேன், நான் எடுக்கலாமா என்று. எடுங்கள் என்றாள். இப்போது காலையில் சீப்பில் வருவதை அவளே சுற்றித் தருகிறாள். எங்கள் வீட்டில் விழுந்ததை எரிப்போம், இல்லையென்றால் ஓடுகிற தண்ணீரில் விடுவோம். அம்மா பழக்கியது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகவிருந்தேன்."

அவளே தருகிறாளாம்! தன் கையால் சுற்றி, தன் கையால் கொடுக்கிறாள். கேட்டால் கொடுக்கிற அளவுக்குப் பிள்ளையை ஆக்கி வைத்திருக்கிறான்.

"அவளுக்குத் தலைமயிர் கொட்டுறது நிக்குமோ?" என்று வல்லிபுரம் திடீரென்று கேட்டார்.

"நிற்கும் என்று டாக்டர் சொல்கிறார்."

"டாக்டரை விடு. நீ சொல்லு."

"எனக்குத் தெரியாது, பாய் சாப்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. செய்கிறவன் என்றால் நிற்கும் என்று சத்தியம் பண்ணியிருப்பான். இவனோ தெரியாது என்கிறான். ஒரு நிமிடம் வல்லிபுரத்துக்குக் கால் வழுக்கியது போல இருந்தது. பிறகு சமாளித்துக்கொண்டார். சின்னக் கள்ளன்தான் சத்தியம் பண்ணுவான். பெரிய கள்ளன் தெரியாது என்றுதான் சொல்வான்.

"எல்லாம் போட்டாயிற்றா?" என்று பல்தேவ் சிங் கேட்டார்.

"பாதி."

"மற்றதையும் போடுங்கள். காற்றுக்கு எதிரே எறியாதீர்கள். குனிந்து தண்ணீரில் விடுங்கள்."

வல்லிபுரம் பையைப் பார்த்தார். இவனைக் கேட்டுச் செய்வதா என்று இருந்தது. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவதும் முடியாத காரியம். முழங்கால் முறிகிற மாதிரிக் குனிந்து, மிச்ச உருண்டைகளைத் தண்ணீரில் விட்டார். கடைசியாக அந்த ரிசுப் பேப்பர். பிரித்து, குழந்தையின் முடியைத் தண்ணீரின் மேல் வைத்தார். அது அமிழவுமில்லை, போகவுமில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று சுற்றியது. பிறகு ஒரு அலை அதை எடுத்துக்கொண்டு போனது.

நிமிர்ந்து பார்த்தால் பல்தேவ் சிங் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு குளிர்ந்த கல்லில் நின்று, கைகூப்பி, கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுறாய்?"

"நன்றி சொன்னேன்."

"ஆருக்கு?"

"தந்தவருக்கு. உங்களுக்கும்தான். நான் செய்யவேண்டியதை நீங்கள் செய்துவிட்டீர்கள்."

இவன் வைத்ததை முறிக்கத்தான் வல்லிபுரம் இவ்வளவு தூரம் வந்தது. உப்பும் போட்டாயிற்று, முருகனையும் கூப்பிட்டாயிற்று. இவன் கோபப்பட வேண்டும். கத்த வேண்டும். பையைப் பறிக்க வேண்டும். கைகூப்பி நன்றி சொல்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அப்படியென்றால் அவர் செய்தது யாருடைய வேலை? தண்ணீரில் விட்டதுதான் கடைசி வேலையோ? அதையும் அவர் கையாலேயே செய்வித்துவிட்டானோ? ஏரியைப் பார்த்தார். ஒரு முடிகூடத் தெரியவில்லை. இனி எடுக்கவும் ஏலாது.

"வாருங்கள், காரில் போவோம். உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருப்பாள்."

பல்தேவ் சிங் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். வல்லிபுரத்தின் சுவெற்றரில் இன்னும் ஒட்டியிருந்த கறுப்பு முடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டார். வல்லிபுரம் மரம் மாதிரி நின்றுகொடுத்தார். என்ன இருந்தாலும் அது பிள்ளையின் முடி. பல்தேவ் சிங்கின் விரல்கள் தோளுக்கு ஏறின. கழுத்துப் பட்டியில் இருந்து ஒரு கட்டை நரைமுடியை எடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிரித்தார்.

"இது உங்களுடையது. இதையும்..."

வல்லிபுரத்தின் கை பாம்பு மாதிரிப் பாய்ந்தது. பல்தேவ் சிங்கின் விரலுக்குள் இருந்து முடியைப் பறித்து, உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.

"இது என்ரை" என்றார். "இதை ஒருத்தருக்கும் குடேன்."

பல்தேவ் சிங்கின் சிரிப்பு நின்றது. பிறகு தலையை மெல்ல ஆட்டினார். "சரி, பாய் சாப். அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்."

வல்லிபுரம் வெறும் நீலப் பையை அவர் கையில் திணித்துவிட்டு, கற்களில் ஏறித் தெருவுக்கு வந்தார். பின்னால் கார் மெல்ல ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. அவர் பார்க்காத மாதிரி நடந்தார். கார் இன்னும் கொஞ்சத் தூரம் கூடவே வந்தது, பிறகு முந்திப் போனது.

பஸ் நிற்கிற இடத்தை நோக்கி அவர் நடந்தார். இன்றைக்குப் பின்னேரம் நிலக்சியின் சீப்பைப் பார்க்க வேண்டும். நாளைக்கும் பார்க்க வேண்டும். கொட்டுவது நின்றாலும் யாரால் நின்றது என்று பார்க்க வேண்டும். உப்புப் பைக்கற்றைக் கல்லிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பவில்லை. வலது கையை முட்டியாகப் பொத்தியபடியே பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஒருத்தன் சும்மா முடி பொறுக்க மாட்டான்.